எம்.எஸ். வந்தவர்களின் ஆயுள்: அந்த ஏழு ஆண்டுக் கணக்கு யாருடையது?

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று உறுதியானதும் நோயாளிகள் பலர் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள்: இனி எத்தனை வருஷம்? கேட்பவருக்குப் பெரும்பாலும் வயது இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில். இந்த நோய் அதிகம் தலைகாட்டுவது அந்த வயதில்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒரே வரிதான்: "பொதுமக்களைவிட ஏழு ஆண்டு குறைவு."

அந்த வரி பொய்யில்லை. ஆனால் யாரை எண்ணிச் சொன்ன கணக்கு, அவர்களுக்கு எந்தக் காலத்தில் நோய் வந்தது, அந்த ஏழு ஆண்டுகள் எந்த வழியாகக் கைநழுவுகின்றன என்பதெல்லாம் அதில் இல்லை. இவை தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் பயம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். வழி தெரிந்தால் அதில் எங்கே தடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கணக்கு வந்த இடம்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஹோர்டாலாந்து பகுதியில், 1953 முதல் 2012 வரை நோய் தொடங்கிய 1,388 பேரைப் பின்தொடர்ந்து எடுத்த ஆய்வு 2017-இல் வெளியானது. அதன்படி எம்.எஸ். உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 74.7 ஆண்டு, அங்குள்ள பொதுமக்களுக்கு 81.8. கழித்தால் ஏழு சொச்சம். எம்.எஸ். உள்ள பெண்கள் 77.2 வரை, ஆண்கள் 72.2 வரை. கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில் எடுத்த கணக்கும் கிட்டத்தட்ட இதேதான்: 75.9-க்கு எதிராக 83.4. டென்மார்க் 1956 முதலே எம்.எஸ். நோயாளிகளுக்கென்று தேசியப் பதிவேடு வைத்திருக்கும் நாடு. அங்கே 1949-க்கும் 1996-க்கும் இடையில் நோய் தொடங்கிய 9,881 பேரைப் பார்த்ததில், இழப்பு ஏறத்தாழ பத்து ஆண்டு என்று வந்தது. இணையத்தில் "ஐந்து முதல் பத்து ஆண்டு" என்றும் "ஏழு ஆண்டு" என்றும் மாறி மாறிச் சொல்லப்படும் எண்களெல்லாம் இந்த மாதிரிப் பதிவேடுகளிலிருந்து கிளம்பியவைதான்.

இடைநிலை என்றால், எல்லோரையும் ஆயுள் வாரியாக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது. அவருக்குப் பின்னால் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் 74.7-ஐத் தாண்டி வாழ்ந்தவர்கள். ஆகவே ஆளுக்கு ஏழு ஆண்டு வெட்டு என்று இதைப் படிக்கக் கூடாது. சிலருக்கு இருபது ஆண்டுக்கு மேலேயே போய்விடுகிறது. பலருக்கு எதுவுமே குறைவதில்லை. இந்த இரு தரப்பையும் ஒரே கூடையில் போட்டு எடுத்த எண் அது.

வடிவத்துக்கு வடிவம் வித்தியாசமும் பெரிது. ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு நோய் வந்து வந்து போகும் வடிவத்தில் தொடங்குகிறது: ஒரு தாக்குதல் (அறிகுறிகள் திடீரென்று தலைதூக்குவது), சில வாரங்களில் தேறுதல், பிறகு மாதங்களோ ஆண்டுகளோ அமைதி. நார்வே கணக்கில் இவர்களின் இடைநிலை ஆயுள் 77.8. தொடக்கத்திலிருந்தே இடைவெளி இல்லாமல் கூடிக்கொண்டே போகும் வடிவம் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினருக்கு. அவர்களுக்கு 71.4.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் கணிசமானோருக்கு நோய் வந்தது 1993-க்கு முன்பு. எம்.எஸ். நோயின் போக்கையே மாற்றக்கூடிய முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா-1பி அமெரிக்காவில் அனுமதி பெற்றது அந்த ஆண்டில்தான். அதற்கு முன் தாக்குதல் வந்தால் ஸ்டீராய்டு, மற்றபடி பொறுத்திருப்பது என்பதே சிகிச்சை. 1960-களில் நோய் வந்த ஒருவரின் வாழ்நாளை, இன்று மருந்து தொடங்கும் இருபத்தைந்து வயதுக்காரர் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வதில் நியாயமில்லை.

சாகடிக்காத நோய்

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே திசைமாறி அந்த உறையைத் தாக்கும்போது செய்தி மெதுவாகப் போகிறது, அல்லது நின்றே போகிறது. உறை போன இடத்தில் தழும்பு விழுகிறது, இழை காலப்போக்கில் தானும் பட்டுப்போகிறது. பாரிஸின் சால்பெத்ரியே மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் ஷார்கோ இதைத் தனி நோயாக அடையாளம் காட்டியது 1868-இல்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தழும்புகள் பெரும்பாலும் உயிரை நேரடியாகத் தொடுவதில்லை என்பதுதான். இதயம் தானே துடிக்கிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் தழும்பு விழுந்து மூச்சு நின்றுபோவது நடக்கக்கூடியதே என்றாலும் அரிது. சில மாதங்களிலேயே உயிரைக் குடித்துவிடும் மார்பர்க் வகை என்ற ஒன்றும் உண்டு. 1906-இல் ஓட்டோ மார்பர்க் விவரித்தது. நரம்பியல் மருத்துவர்களிலேயே பலர் தம் பணிக்காலம் முழுவதும் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஷார்கோவுக்கும் முன்னால், நோய்க்குப் பெயர்கூட இல்லாத காலத்தில், அதோடு வாழ்ந்த ஒருவரின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1822 டிசம்பரில், அவருக்கு 28 வயதாகும்போது, நெருங்கிய உறவினர் ஒருவருடன் சில நாள் தங்க ஸ்காட்லாந்து போகிறார். போய்ச் சேரும்போது அந்த உறவினர் இறந்திருக்கிறார். இறுதிச் சடங்கில் அழுகையை அடக்கப் பெரும்பாடுபட்டும் முடியவில்லை என்று எழுதுகிறார். சில நாட்களில் பார்வை மங்கி, வந்த கடிதங்களைப் பிறர் படித்துக்காட்ட, பதிலையும் பிறரே எழுத வேண்டியிருந்தது. எந்த மருந்தும் இல்லாமல் பார்வை தானாகத் திரும்பியது. அடுத்த ஆண்டுகளில் ஒன்று இரண்டாகத் தெரிவது, கால் பலமிழப்பது, சிறுநீர்த் தொந்தரவு என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்கிறார். இன்றைய மருத்துவ மாணவர் படித்தால் நோயை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். ஸ்டீராய்டு இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. குளியல், மாலிஷ், கஷாயம் என்று அந்தக் காலத்து வைத்தியங்கள் மட்டும். 1848-இல் தமது 54-ஆம் வயதில் இறந்தார். முதல் அறிகுறிக்குப் பின் 26 ஆண்டு.

மறுமுனையில் ஜாக்குலின் டு ப்ரே. செல்லோ இசையில் உலகப் புகழ் பெற்றவர். 1973-இல், 28 வயதில், நோய் உறுதியானது. 1987-இல் 42 வயதில் இறந்தார். டெஸ்டேயைவிட ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் வந்தவர், நவீன மருத்துவமனைகள் சூழ வாழ்ந்தவர், அவரைவிடக் குறைவான காலமே இருந்தார். இந்த நோய் ஒருவரிடம் போல் இன்னொருவரிடம் இருப்பதில்லை என்று மருத்துவர்கள் சொல்வது ஒப்புக்கு அல்ல.

உயிர் போகும் வழி

அப்படியானால் எதனால்தான் இறக்கிறார்கள்? டென்மார்க் ஆய்வில் இறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தபோது 56.4 விழுக்காட்டில் காரணம் எம்.எஸ். என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தொற்று: நுரையீரலில், சிறுநீர்ப் பாதையில், தோலில்.

விழுங்குவதை எடுத்துக்கொள்வோம். வாயிலுள்ளது தொண்டையைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள வேண்டும். எம்.எஸ். உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஏதோ ஒரு கட்டத்தில் இந்த ஒருங்கிணைப்பு பிசகுகிறது. முதலில் தண்ணீர் குடிக்கும்போது அவ்வப்போது புறை ஏறும். கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் வேகமாக ஓடும் என்பதால் அதில்தான் முதலில் தெரியும். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று ஒலிக்கும். சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போகும். குடும்பத்தார் இதை அவசரமாகச் சாப்பிடும் பழக்கம் என்று எண்ணி, மெதுவாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நோய் முற்றிய நிலையில் இருமும் தசைகளும் பலம் இழந்திருக்கும். புறை ஏறியதை வெளியே தள்ள முடியாது. சிலருக்குத் தொண்டை உணர்வே மழுங்கி இருமல்கூட வராது. உள்ளே போன துளி நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகிறது. முதல் நிமோனியாவிலிருந்து தேறிவிடுவார்கள். இரண்டாவதிலும் தேறலாம்.

அடுத்தது சிறுநீர்ப்பை. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது ஏதோ ஒரு காலத்தில் பாதிக்கிறது. பை முழுதாகக் காலியாகாமல் தேங்கும்போது கிருமி வளர்கிறது, சிறுநீரகம் வரை ஏறுகிறது, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. காய்ச்சல் வந்து உடல் சூடேறினால் ஏற்கெனவே உறையிழந்த நரம்புகள் இன்னும் மந்தமாகும். பழைய அறிகுறிகள் எல்லாம் திரும்ப வந்ததுபோல் இருக்கும். 1890-இல் வில்ஹெல்ம் ஊத்தாஃப் கவனித்துச் சொன்னது இது. கால் திடீரென்று துவண்டதும் நோயின் புதிய தாக்குதல் என்று நினைத்து ஸ்டீராய்டு கேட்பார்கள். அடியில் இருப்பதோ சிறுநீர்த் தொற்று. ஸ்டீராய்டு அதை இன்னும் வளர்த்துவிடும். அதனால்தான் விவரமான மருத்துவர் தாக்குதல் என்று முடிவு கட்டுமுன் சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தருகிறார். நோயாளிக்கு அது சம்பந்தமில்லாத சோதனையாகத் தோன்றலாம்.

மூன்றாவது படுக்கைப் புண். அசையாமல் ஒரே பக்கம் கிடந்தால், எலும்பு துருத்தும் இடங்களில் தோலுக்கு இரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே சிவக்கிறது. அந்தச் சிவப்பை அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். உணர்வு குறைந்தவருக்கு வலிக்காது, ஆகவே சொல்ல மாட்டார். பார்க்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் உயிரைக் குடிக்கும் அளவுக்கு முற்றுவது பெரும்பாலும் நடமாட்டம் வெகுவாகக் குறைந்த பிறகுதான். நரம்பியல் மருத்துவர்கள் இயலாமையை அளக்க ஜான் குர்ட்ஸ்கி 1983-இல் செப்பனிட்டுக் கொடுத்த ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கும். ஆறு என்றால் நூறு மீட்டர் நடக்க ஒரு கைத்தடி வேண்டும். ஏழு, சக்கர நாற்காலி. ஒன்பது, படுக்கை. பத்து, எம்.எஸ். காரணமான மரணம். இந்த அட்டவணையைப் பார்க்கும் நோயாளி தான் ஏறவேண்டிய படிக்கட்டு என்றே அதை எடுத்துக்கொள்கிறார். கடைசிப் படியில் மரணத்தை எழுதிவைத்த அளவுகோல் வேறென்ன எண்ணத்தைத் தரும்? உண்மையில் பலர் இரண்டிலோ மூன்றிலோ பல ஆண்டுகள் நின்றுவிடுகிறார்கள். நடமாடுபவர்களின் இறப்பு விகிதத்துக்கும் பொதுமக்களின் விகிதத்துக்கும் பெரிய தூரமில்லை. படுக்கையை நெருங்கும்போதுதான் அது பல மடங்காக எகிறுகிறது. சராசரியில் காணும் ஏழு ஆண்டு இழப்பில் பெரும்பங்கு இந்தக் கடைசிப் படிகளில் இருப்பவர்களுடையது.

தொற்று அல்லாத காரணங்களும் உண்டு. இதயநோய் பொதுமக்களைவிடச் சற்று அதிகம். உடலுழைப்பு குறைவதும் அதில் சேர்த்தி. டென்மார்க் கணக்கில் புற்றுநோய் மட்டும்தான் கூடுதலாக இல்லை. தற்கொலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் நோய் உறுதியான முதல் ஆண்டு ஆபத்தானது. இந்தக் கடைசி விவரம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. முதல் ஆண்டில் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நடக்க முடியும், வேலைக்குப் போக முடியும். அப்போது கொல்வது எதிர்காலம் பற்றிய பயமும் மனச்சோர்வும்தான். எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். நோய் மூளையையே தொடுவதும் அதற்கு ஒரு காரணம். மனத்திடம் இல்லை என்று குறைசொல்ல அதில் எதுவுமில்லை. அதற்கு மருந்தும் ஆலோசனையும் வேலை செய்கின்றன. அந்த எண்ணம் வருகிறவர் அதை நரம்பியல் மருத்துவரிடமே சொல்லலாம், அன்றைக்கே சொல்லலாம். கால் மரத்துப்போனதைச் சொல்வதற்கும் இதைச் சொல்வதற்கும் வேறுபாடு வேண்டியதில்லை.

இடைவெளி சுருங்குகிறதா?

சுருங்குகிறது. ஸ்வீடனில் 1968 முதல் 1980 வரையிலான காலத்தில் எம்.எஸ். உள்ளவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 6.5 மடங்கு, 2001 முதல் 2012 வரையிலான காலத்தில் அதுவே ஏறத்தாழ இரண்டு மடங்கு. நார்வேயில் 1953–1974-இல் நோய் தொடங்கியவர்களுக்கு 3.1 மடங்கு, 1975–1996-இல் தொடங்கியவர்களுக்கு 2.6, 1997–2012-இல் தொடங்கியவர்களுக்கு 0.7.

கடைசி எண்ணைப் பார்த்ததும் எம்.எஸ். வந்தால் மற்றவர்களைவிட அதிக நாள் வாழலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. அந்தக் கடைசிக் கூட்டத்தினருக்கு நோய் வந்து அதிகம் போனால் பதினைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது, பெரும்பாலோர் இளையவர்கள். எம்.எஸ். உயிருக்கு ஆபத்தாவது இருபது, முப்பது ஆண்டு கழிந்த பிறகு. இறக்கும் கட்டத்துக்கே வராதவர்களை எண்ணி இறப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்த 0.7-ஐ மட்டும் எடுத்து "எம்.எஸ். ஆயுளைப் பாதிப்பதில்லை" என்று எழுதும் கட்டுரைகள் ஆறுதல் சொல்லும் அவசரத்தில் கணக்கைத் தவறவிடுகின்றன.

இன்னொரு நெருடலும் இருக்கிறது. 1981-இல் எம்.எஸ். தழும்புகளை எம்.ஆர்.ஐ. படத்தில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2001-இல் வந்த மெக்டொனால்டு வரையறை, இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்காமல் எம்.ஆர்.ஐ.யை வைத்தே நோயை உறுதிசெய்ய வழிவிட்டது. 2017-இல் அது இன்னும் தளர்ந்து, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையையும் சான்றாக ஏற்றுக்கொண்டது. ஆகவே முன்பு நோயாளி என்றே எண்ணப்படாத லேசான பாதிப்புள்ளவர்கள் இன்று கணக்கில் வருகிறார்கள். அவர்கள் வந்ததும் கூட்டத்தின் சராசரி ஆயுள் கூடுகிறது, எந்தத் தனிமனிதரும் ஒரு நாள்கூட அதிகம் வாழாமலேயே. புள்ளியியலில் இதற்கு வில் ரோஜர்ஸ் விளைவு என்று பெயர். ஓக்லஹோமாக்காரர்கள் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்ததும் இரண்டு மாநிலங்களின் சராசரி அறிவும் உயர்ந்துவிட்டது என்று அந்த அமெரிக்க நகைச்சுவையாளர் அடித்ததாக வழங்கும் கிண்டலிலிருந்து வந்த பெயர் அது.

இவ்வளவையும் கழித்த பிறகும் முன்னேற்றம் நிஜம்தான். அதில் ஒரு பகுதி எம்.எஸ். மருந்துகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. ஆன்டிபயாடிக் வந்தது. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர், நோயாளியே சுத்தமான கதீட்டர் என்ற குழாயை ஒரு நாளில் சில முறை செலுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்துகொள்ளலாம், ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை என்று காட்டினார். அன்றைய மருத்துவர்கள் பலருக்கு அது அபசாரமாகப் பட்டது. ஆனால் பை தேங்காமல் இருந்தாலே தொற்று குறைகிறது என்பது நிரூபணமானது. இருபது ரகம் விலையுயர்ந்த மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சாதாரணக் குழாய் காப்பாற்றிய உயிர்கள் நினைவுக்கு வருவதேயில்லை.

மருந்துகளின் பங்கு

மருந்து தாக்குதல்களைக் குறைக்கிறது என்று காட்ட இரண்டு ஆண்டுச் சோதனை போதும். ஆயுளை நீட்டுகிறது என்று காட்ட இருபது ஆண்டு வேண்டும். அப்படி ஒன்றுதான் நடந்திருக்கிறது என்றே சொல்லலாம். இன்டர்ஃபெரான் பீட்டா-1பி-யின் முதல் பெரிய சோதனையில் 372 பேர் இருந்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று ஊசி. சோதனை முடிந்து எல்லோரும் தத்தம் வழி போய்விட்டார்கள். 21 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப்போய் 366 பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 81 பேர் இறந்திருந்தார்கள். தொடக்கத்தில் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு அபாயம் வெற்று ஊசி பெற்றவர்களைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவு.

2012-இல் வந்த இந்த முடிவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் மருந்து சந்தைக்கு வந்தபின் அதே மருந்தைப் பெற வழி இருந்தது. ஆகவே இரு தரப்புக்கும் இருந்த நிச்சயமான வேறுபாடு சில ஆண்டு முன்பின் மட்டுமே. அந்தச் சில ஆண்டே இருபது ஆண்டுக்குப் பின் உயிராக வெளிப்பட்டது என்றால், சீக்கிரம் தொடங்குங்கள் என்று மருத்துவர்கள் ஏன் அவசரப்படுத்துகிறார்கள் என்பது புரியும். ஒரு சோதனை, சில நூறு பேர் என்பதால் அந்த 47-ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. திசையை எடுத்துக்கொண்டால் போதும்.

பின்னால் வந்த மருந்துகள் வலிமை கூடியவை, ஆபத்தும் கூடியவை. நடாலிசுமாப் 2004-இல் வந்தது. ஜே.சி. வைரஸ் மூளையைத் தாக்கும் பி.எம்.எல். என்ற கொடிய பாதிப்பு சிலருக்கு வந்ததால் 2005-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டு, கண்காணிப்பு நிபந்தனைகளோடு 2006-இல் திரும்பியது. இன்று இரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருளைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள், தொடர்கிறார்கள். 2000-இல் அனுமதி பெற்ற மைட்டோசான்ட்ரோன் இதயத்தைச் சேதப்படுத்துவதாலும் சிலருக்கு இரத்தப் புற்றுநோயைக் கொண்டுவந்ததாலும் இப்போது ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. 2017-இல் வந்த ஓக்ரெலிசுமாப், தொடக்கத்திலிருந்தே முற்றும் வடிவத்துக்கும் அனுமதி பெற்ற முதல் மருந்து. இந்த வகை மருந்துகளில் எதிர்ப்பாற்றல் குறைவதால் தொற்றுக்கு இடம் கூடுகிறது. தொற்றால் இறக்கும் நோய்க்குத் தொற்றை எளிதாக்கும் மருந்து என்பது முரணாகத் தெரியலாம். ஆனால் நடக்க முடியாத நிலை வராமல் தடுப்பதால் கிடைக்கும் லாபம் பெரும்பாலோருக்கு இந்த நஷ்டத்தைவிடப் பெரிது. தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே போட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

மருந்து கையில் கிடைப்பது வேறு கதை. உலகில் ஏறத்தாழ 29 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். மேலே சொன்ன ஆயுள் கணக்குகள் எல்லாம் நார்வே, டென்மார்க், ஸ்வீடன், கனடா; அதாவது அரசே செலவை ஏற்கும், பதிவேடு கச்சிதமாக உள்ள நாடுகள். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கென்று கிளாட்டிராமர், கிளாட்ரிபின், ரிட்டுக்சிமாப் ஆகிய மூன்றையும் சேர்த்ததே 2023-இல்தான். பதிவேடே இல்லாத நாட்டில் ஒருவருக்கு எத்தனை ஆண்டு போகிறது என்பதை எந்த ஆய்வும் எண்ணுவதில்லை.

நோயாளியின் கையில் இருப்பது

வயது, பாலினம், நோயின் வடிவம், முதல் சில ஆண்டுகளில் வந்த தாக்குதல்களின் எண்ணிக்கை, அவற்றிலிருந்து எவ்வளவு தேறினார் என்பது: இவையெல்லாம் போக்கைத் தீர்மானிக்கின்றன, ஆனால் யாராலும் மாற்ற முடியாதவை. மாற்றக்கூடியவற்றில் முதலிடம் புகைக்கு. நோய் உறுதியான பிறகும் புகைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆண்டும், வந்து வந்து போகும் நோய் இடைவெளியின்றி முற்றத் தொடங்கும் இரண்டாம் கட்டத்தை அடைவதை ஏறத்தாழ 4.7 விழுக்காடு வேகப்படுத்துகிறது என்று 2015-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. பல லட்சம் செலவில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து புகைப்பதற்கு நரம்பியல் சிகிச்சை என்று பெயர் வைக்க முடியாது.

மனிட்டோபா ஆய்வு கூடவே இன்னொன்றையும் பார்த்தது: சர்க்கரை, இதயநோய், நுரையீரல் நோய், மனச்சோர்வு ஆகியவை எம்.எஸ். உள்ளவர்களின் ஆயுளையும் குறைக்கின்றன. எம்.எஸ். மருத்துவரிடம் போகும்போது பேச்சு முழுக்க நரம்பைப் பற்றியே இருக்கும். இரத்த அழுத்தத்தைப் பார்க்க அங்கே நேரமிருக்காது. நோயாளிக்கும் அது சில்லறை விஷயமாகப் படும். நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையருக்கு 1986-இல் எம்.எஸ். உறுதியானது. 2005-இல் 65 வயதில் அவர் இறந்தது மாரடைப்பில்.

இளமையில் நோய் வந்து, மருந்து எடுத்துக்கொண்டு அறுபதையும் எழுபதையும் தொட்டவர்கள் இன்று மருத்துவமனைகளில் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களோடு வரும் கேள்வி, மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பது. வயதாக வயதாக அழற்சி தணிகிறது, தொற்று ஆபத்தோ ஏறுகிறது. 2023-இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், ஐந்து ஆண்டாகத் தாக்குதல் எதுவும் வராத 55 வயதுக்கு மேற்பட்ட 259 பேரில் ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள், மறு பாதியினர் நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களில் 4.7 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கும் புதிய தாக்குதலோ எம்.ஆர்.ஐ.யில் புதிய தழும்போ வந்தது. கூடியதில் பெரும்பங்கு படத்தில் மட்டும் தெரிந்த தழும்புகள். நிறுத்துவதா தொடர்வதா என்று இந்த முடிவை வைத்து மருத்துவர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எம்.எஸ். மருந்துகளுக்கு அனுமதி வாங்கித் தந்த பெரிய சோதனைகள் பெரும்பாலானவற்றில் 55 வயதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.